டீ போடு, வந்துனே இருக்கேன்

வடபழனி, சென்னை
5 பிப்ரவரி 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நேத்ரா எழுதுகிறேன். நான் இங்கே நன்றாக இருக்கிறேன். மார்கழியில் பிடித்த இருமல் போய்விட்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? தினமும் பெங்களூருக்குப் போகிற ரயிலில் படி ஏற முடிகிறதா?

திடீரென்று என்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் பேசினால் நமக்கு மூன்றாவது வாக்கியத்திலேயே சண்டை வந்துவிடுகிறது. பொங்கலன்று பாதியில் வைத்தாய், அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவே இல்லை. தாளில் என்றால் நீ குறுக்கே பேச முடியாது, நானும் குரலை உயர்த்த முடியாது. நீயும் எழுது.

அந்த இங்கிலீஷ் படம், 'விண்சுரங்கம்' மூன்றாம் பாகம், தமிழில் ஆறாவது வாரமாக ஓடுகிறது. முதல் இரண்டு பாகங்களுக்கு வேறு யாரோ தமிழ் வசனம் எழுதினார்கள். விண்கல்லைக் குடைந்து உலோகம் எடுக்கிற கூலிக்காரர்கள் 'தலைவரே, அபாயம் நெருங்குகிறது' என்று பாடப்புத்தகம் போலப் பேசினார்கள். மூன்றாவது என் கைக்கு வந்தது. கூண்டு மாதிரியான கேஜில் சுரங்கத்துக்குள் இறங்குகிறார்கள், ஷிஃப்ட் முடிந்து கறுத்த முகத்தோடு ஏறி வருகிறார்கள். இவர்களை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறேனே என்று தோன்றியது. நம் மாரிக்குப்பம் லைன் வீடுகளில் எப்படிப் பேசுவார்களோ அப்படியே பேச விட்டேன்.

டப்பிங் இயக்குநர் ரிச்சர்ட் முதலில் பயந்தார். "விண்வெளியில போய் இன்னா, இன்னாத்துக்குன்னு பேசுவாங்களா மேடம்?" என்றார். "இங்கிலீஷ் பேசுறாங்கன்னா இதையும் பேசலாம் சார்" என்றேன். இப்போது அவரே வீட்டில் இன்னா என்கிறாராம்.

படத்தில் வோரிக் என்கிற சுரங்கக்காரன் இடிபாட்டில் மாட்டிக்கொண்டு, மேலே விண்கப்பலில் இருக்கும் மனைவியிடம் ரேடியோவில் கடைசியாகப் பேசுவான். 'டீ போடு, வந்துனே இருக்கேன்.' அந்த வரி ஆட்டோக்களின் முதுகில் வந்துவிட்டது. கோயம்பேட்டில் ஒரு டீக்கடைக்குப் பெயரே அதுதான்.

நம் ராபர்ட்சன்பேட்டைத் தியேட்டரிலும் ஓடுகிறதாமே. பார்த்தாயா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
நேத்ரா


மாரிக்குப்பம், கோலார் தங்கவயல்
14 பிப்ரவரி 2024

நேத்ராவுக்கு அக்காவின் ஆசிகள்.

முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வேலை செய்கிறது. நீ ராத்திரி கண்விழித்து எழுதுவதைக் குறை. கண் கெட்டால் நான் வேலை செய்கிற கண்ணாடிக் கடைக்குத்தான் வரவேண்டும். தங்கச்சி என்றாலும் முதலாளி ஒரு பைசா தள்ள மாட்டார்.

ஊர் நிலவரம் கேட்கிறாய். ஊருக்கே பித்துப் பிடித்திருக்கிறது. சயனைடு மேடு இருக்கிறதே, நாம் சின்ன வயதில் அட்டைப்பெட்டியில் உட்கார்ந்து சறுக்கிய சாம்பல் நிற மண்மலை, அதில் ஞாயிற்றுக்கிழமை கால் வைக்க இடமில்லை. ஹெல்மெட்டுக்கு வெள்ளிப் பெயிண்ட் அடித்துக்கொண்டு, தோளில் தண்ணீர்க் குழாயை மாட்டிக்கொண்டு பிள்ளைகள் வீடியோ எடுக்கிறார்கள். பெங்களூரிலிருந்து காரில் ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் 'படம் எடுத்தது இங்கேதான்' என்று நம் பையன்கள் அடித்துவிட, அவர்களும் நம்பிக்கொண்டு போகிறார்கள்.

அடுத்த வீட்டு பாக்கியவதிக்குப் பேரன் பிறந்திருக்கிறான். பெயர் வோரிக் முருகன். கோயிலில் ஐயர் மூன்று முறை கேட்டும் புரியாமல், கடைசியில் முருகனை மட்டும் சத்தமாகச் சொன்னார்.

என் ரயில் பெட்டியில் பரத் என்று ஒருத்தன் வருகிறான். பெங்களூரில் ஏசி மெக்கானிக், கலியாணமானவன். போன வருஷம் வரைக்கும் பங்காரப்பேட்டை தாண்டியதும் இவன் தமிழ் மாறிவிடும். கேஜிஎஃப் பேச்சு வேலை செய்கிற இடத்தில் கேலியாகப் போகிறது என்பான். இப்போது பெங்களூர் கன்டோன்மென்ட்டில் இறங்கும்போதுகூட இன்னா, வந்துனு, போயினுதான். "படம் வந்ததுல இருந்து எங்க சூப்பர்வைசரே இந்த மாதிரி பேசச் சொல்லிக் கேக்குறாரு அக்கா" என்கிறான். உன் பேனா செய்த காரியம். எனக்குப் பெருமைதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

பச்சைப் பட்டாணி இந்த வருஷம் நன்றாக இருக்கிறது. உரித்துக் காயவைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
அக்கா


சென்னை
3 மார்ச் 2024

அன்புள்ள அக்கா,

நலம். வெயில் மட்டும் இப்போதே ஆரம்பித்துவிட்டது. முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறாயா?

உன் கடிதத்தை ரிச்சர்ட்டிடம் படித்துக் காட்டினேன். வோரிக் முருகன் வந்த இடத்தில் அவர் நாற்காலியை விட்டு எழுந்து சிரித்தார்.

நான்காம் பாகமும் எனக்கே என்று உறுதியாகிவிட்டது. படம் அடுத்த ஜனவரி. இந்த முறை சுரங்கத்துக்குள் நிறைய காட்சிகள். கேஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் மணி அடிப்பார்களே, அதை நம் ஆட்கள் எப்படிச் சொல்வார்கள்? உடைத்த கல்லுக்கு என்ன பேர்? எனக்குப் பாதி மறந்துவிட்டது.

படம் பார்த்தாயா என்று கேட்டிருந்தேன். ஊரே பார்த்ததை எழுதினாய், நீ பார்த்ததை எழுதவில்லை. அந்த வரியைப் பற்றியும் ஒன்றும் சொல்லவில்லை. பிடித்ததா?

அன்புடன்,
நேத்ரா


மாரிக்குப்பம்
20 மார்ச் 2024

நேத்ராவுக்கு,

சுகமாக இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

கேஜ் மணியை 'பெல்லு குடுத்தான்' என்பார்கள். உடைத்த கல் மக். மக்கை அள்ளுகிறவன் மக்கர். மேலே இருக்கிற உலகத்துக்கு 'சர்ஃபேஸ்' என்றுதான் சொல்வார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று கீழே இருப்பவன் சொல்ல மாட்டான், சர்ஃபேஸுக்குப் போகிறேன் என்பான். இது போதுமா? இன்னும் வேண்டுமென்றால் கேள்.

அந்த வரியை நான் எங்கும் தேடிப் போக வேண்டியதில்லை. பெட்டியில் தாமதமாக ஏறுகிறவன் சொல்கிறான். டிக்கெட் பரிசோதகர் கன்னடத்தில் 'டீ மாடு, பர்த்தா இதீனி' என்கிறார். பங்காரப்பேட்டை ஸ்டேஷன் டீக்கடைக்காரர் போர்டில் எழுதி, பக்கத்தில் ஒரு ராக்கெட்டும் வரைந்து வைத்திருக்கிறார்.

நான் இப்போது காபிக்கு மாறிவிட்டேன்.

அக்கா


சென்னை
9 ஏப்ரல் 2024

அன்புள்ள அக்கா,

நான் சுகம். ஓட்டம்தான் அதிகமாகிவிட்டது. காபி அளவோடு குடி, உனக்குப் பித்தம்.

மக், சர்ஃபேஸ் இரண்டும் தங்கம். சர்ஃபேஸை வைத்து ஒரு காட்சி முழுவதையும் மாற்றி எழுதிவிட்டேன்.

இதோடு ஒரு பத்திரிகைத் துண்டை வைத்திருக்கிறேன். என்னைப் பேட்டி எடுத்தார்கள். என் புகைப்படத்தில் காது மட்டும் பெரிதாக விழுந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிரிக்காதே. ஒரு வெளிநாட்டுப் படத்துக்குள் ஒரு சின்ன ஊரின் பேச்சை நுழைத்தது எப்படி என்று கேட்டார்கள். பயமில்லாமல் பேசினேன். வீட்டில் மாட்டி வை.

அன்புடன்,
நேத்ரா


சென்னை
11 ஜூன் 2024

அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்பது இந்த முறை சம்பிரதாயத்துக்காக இல்லை. இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நடுவில் நான் போட்ட கார்டுக்கும் பதில் இல்லை.

நேற்று பாக்கியவதி அக்காவுக்குப் போன் செய்தேன். "அவளுக்கு இன்னா? காலையில ரயிலுக்குப் போறா, சாயந்திரம் வர்றா, கல்லு மாதிரி கீறா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "பேப்பர்ல உன் போட்டோ பாத்தோம். அத அவ மடிச்சு அரிசி டப்பாவுக்கு அடியில வெச்சுட்டா" என்றார்.

பேட்டியை எடுத்துத் திரும்பவும் படித்தேன். அந்த வரி எங்கிருந்து வந்தது என்று கேட்டதற்கு, 'எங்கள் ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது' என்று சொல்லியிருக்கிறேன்.

வேறு என்ன சொல்வேன் அக்கா? முன்பின் தெரியாத ஒருவர் மைக்கை நீட்டிக் கேட்கும்போது மாமாவைப் பற்றிச் சொல்லவா? உனக்காகத்தான் மறைத்தேன். உனக்குப் புருஷன் என்றால் எனக்கும் அவர் மாமா. என்னைச் சைக்கிளில் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

நேத்ரா


மாரிக்குப்பம்
7 ஜூலை 2024

நேத்ராவுக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. மழை பெய்து ஊரே குளிர்ந்திருக்கிறது. திட்டப் போவதில்லை. ஒழுங்காக எழுத வேண்டும் என்று இத்தனை நாள் பொறுத்தேன்.

படம் பார்த்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். பார்த்தேன். வந்த முதல் ஞாயிறு, காலைக் காட்சி, தனியாக. என் தங்கச்சி எழுதிய படம் என்று டிக்கெட் கிழிக்கிறவரிடம்கூடச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனேன். நம் பேச்சைப் பெரிய திரையில் கேட்டபோது வயிறு நிறைந்தது. பிறகு அந்த வரி வந்தது. தியேட்டர் முழுக்க விசில். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். மீதிப் படம் எப்படி முடிந்தது என்று ரயிலில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். பொங்கலன்று நீ போனில் 'எப்படி இருந்தது' என்று ஆரம்பித்ததும் எனக்கு வந்த கோபம் அதுதான். பருப்பு தீய்ந்துவிட்டது என்று சொல்லிப் போனை வைத்தேன். பருப்பு தீயவில்லை.

அது ஊரில் எல்லோரும் சொல்கிற வார்த்தை இல்லை. ஒருவர் சொன்னது. ஒரு தடவை சொன்னது. எனக்குச் சொன்னது.

உன் மாமா போன அன்றைக்கு நீ பள்ளிக்கூடப் பிள்ளை, வீட்டில் இருந்தாய். சுரங்கத்தின் ஷாஃப்ட் வாசலில் நடந்ததை நான் உனக்குப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். இப்போது முழுதும் கேள்.

சுரங்கத்துக்குள் பாறை வெடித்து ஊர் அதிர்ந்ததும் நான் ஓடினேன். என்னைப் போல இன்னும் சில பெண்கள் கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தோம். மீட்கப் போன ஆட்களில் உன் மாமாவின் கூட்டாளி டேவிட் அண்ணன் இருந்தார். மதியத்துக்கு மேல் கேஜ் ஏறி வந்தது. டேவிட் அண்ணன் இறங்கி, தண்ணீர்கூடக் குடிக்காமல் நேராக என்னிடம் வந்தார்.

"ராதா, உன் வூட்டுக்காரன் உயிரோட கீறான். கல்லுக்கு அந்தப் பக்கம். குரலு கேட்டுச்சு."

"இன்னா சொன்னாரு?"

"டீ போடச் சொன்னான். வந்துனே இருக்கேன்னு சொல்லுன்னான்."

சொல்லும்போதே டேவிட் அண்ணன் சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற ஆபீசர்களும் சிரித்தார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூடச் சிரித்தார்கள்.

"திரும்ப எறங்கறேன். நீ இன்னா சொல்றே? போய்ச் சொல்றேன்" என்று டேவிட் அண்ணன் கேட்டார்.

கலியாணமாகி ஒரு வருஷம்தான். அத்தனை ஆண்களுக்கு நடுவில் புருஷனுக்குப் பதில் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன். டேவிட் அண்ணன் கேஜுக்குப் போய்விட்டார். நான் வீட்டுக்கு ஓடிவந்து அடுப்பைப் பற்றவைத்தேன்.

டீ கொதித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாவது முறை அதிர்ந்தது. அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசின. அதற்குப் பிறகு நடந்தது உனக்கும் தெரியும். டேவிட் அண்ணன் கையை ஒடித்துக்கொண்டு மேலே வந்தார். உன் மாமா வரவில்லை.

நீ அதை எடுத்தது எனக்குப் பிரச்சினை இல்லை. அவர் கடைசியாகச் சொன்னதைத் தமிழ்நாடே சொல்கிறது. அதில் எனக்குப் பாதி சந்தோஷம்கூட இருக்கிறது. ஆனால் எடுக்கும்போது ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாம். பிறகு அதை ஊர் எல்லாருக்கும் சொந்தமாக்கி, அவரை அதிலிருந்து அழித்துவிட்டாய். அதுதான் வலிக்கிறது.

எழுதிவிட்டேன். பாரம் இறங்கியது. மழை விட்டிருக்கிறது, துணி காயவைக்கப் போகிறேன்.

அக்கா


சென்னை
22 ஜூலை 2024

அக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. நீ நலமாக இருப்பது உன் எழுத்திலேயே தெரிகிறது. நான்தான் கொஞ்சம் சரியில்லாமல் இருந்தேன்.

உன்னைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. மன்னித்துக்கொள் என்பதைத் தவிர இதற்கு அலங்காரமாக எழுத எனக்கு ஒன்றும் இல்லை.

எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன். இங்கிலீஷில் வோரிக் சொல்வது 'நான் வீட்டுக்கு வருகிறேன்' என்கிற வெறும் வாக்கியம். அதையே தமிழில் எழுதினேன், அடித்தேன். வேறு மாதிரி எழுதினேன், அடித்தேன். பிறகு கை தானாக மாமா சொன்னதை எழுதிவிட்டது. டப்பிங் பேசுகிறவர் மைக்கில் சொன்னதும், இதையே வைத்துக்கொள்ளலாம் என்று கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சொன்னார்கள். அந்த நிமிஷமே உனக்குப் போன் செய்திருக்க வேண்டும். நீ வேண்டாம் என்று சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

இப்போது ஒரு சிக்கல். நான்காம் பாகத்தின் நடுவில் வோரிக்கின் மனைவி மிரேன், அவன் கடைசியாகப் பேசிய பதிவைத் திரும்பக் கேட்கிறாள். அதே வரி மறுபடியும் வரும். அதை மாற்றிவிடுகிறேன் என்று ரிச்சர்ட்டிடம் சொன்னேன். "மாத்தினா தியேட்டர்ல சீட்டைக் கிழிப்பாங்க மேடம்" என்றார். நீ மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன். அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் இந்தப் படத்தை நான் எழுதவில்லை. வேறு யாராவது எழுதட்டும். யோசித்தே சொல்கிறேன், கோபத்தில் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பதிவைக் கேட்ட பிறகு மிரேன் அவனுக்குப் பதில் சொல்கிறாள். அவன் இறந்து பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் ரேடியோவைப் போட்டுப் பேசுகிறாள். இங்கிலீஷில் நட்சத்திரம், காதல் என்று ஒரு சின்ன வரி இருக்கிறது. தமிழில் அது ஒட்டவே இல்லை. முகத்தை மிகக் கிட்டத்தில் காட்டுகிறார்கள், அதனால் உதட்டசைவு தப்பக் கூடாது. முதலில் உதடு மூடித் திறக்கிறது, நடுவில் ஒரு முறை மூடுகிறது, கடைசியில் வாய் திறந்தபடி நிற்கிறது. எழுதி எழுதிக் கிழிக்கிறேன்.

இதில் நீ எனக்கு உதவ வேண்டும் என்று கேட்கவில்லை. முடிவை மட்டும் சொல்.

உன் தங்கை,
நேத்ரா


மாரிக்குப்பம்
1 செப்டம்பர் 2024

நேத்ராவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். வோரிக் முருகன் தவழ ஆரம்பித்துவிட்டான். நீ சாப்பிடாமல் கிடந்திருப்பாய் என்று தெரியும். போனதைப் போகவிட்டு ஒழுங்காகச் சாப்பிடு.

வரியை வெட்டாதே. படத்தையும் விடாதே. நம் வீட்டுப் பேச்சை வேறு யாரோ எழுதிக் கெடுப்பதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

ஒரு மாதம் இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். ரயிலில், கடையில், கண்ணாடி துடைக்கும்போது. போன ஞாயிறு டேவிட் அண்ணனைப் போய்ப் பார்த்தேன். ராபர்ட்சன்பேட்டையில் மகள் வீட்டில் இருக்கிறார். படத்தை அவரும் பார்த்திருக்கிறார். "அந்த வரி வந்தப்போ நான் கையெடுத்துக் கும்பிட்டேன் ராதா. பக்கத்துல இருந்தவன் என்னைப் பைத்தியம்னு நெனச்சிருப்பான்" என்றார். நான் வெளியே ஓடிவந்த அதே இடத்தில் அவர் கும்பிட்டிருக்கிறார். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அவரிடம் ஒன்று கேட்டேன். "அண்ணா, அன்னைக்கு நான் இன்னா சொன்னேன்னு அவர் கேட்டாரா?"

"கேட்டான். ராதா தலைய ஆட்டுச்சுன்னு சொன்னேன். அவ்ளோதானான்னு சிரிச்சான்."

அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறார், நேத்ரா. ஆகவே அவருக்கு நான் ஒரு பதில் பாக்கி வைத்திருக்கிறேன்.

மிரேன் நட்சத்திரத்தைப் பற்றிப் பேச மாட்டாள். சுரங்கக்காரன் பெண்டாட்டி அவள். டீ போடு என்று சொல்லியனுப்பிய புருஷனிடம் அவள் வீட்டு விஷயம்தான் பேசுவாள். அன்றைக்கு ஷாஃப்ட் வாசலில் என் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்ற பதில் ஒன்று உண்டு. வீட்டில் அன்று பால் இல்லை. பாக்கியவதியிடம் வாங்கித்தான் டீ போட்டேன், நீ பார்த்திருப்பாய். ஆபீசர்கள் முன்னால் அதைச் சொன்னால் கேவலமாக இருக்குமே என்று விழுங்கிவிட்டேன்.

இதை எழுது:

'பால் இல்ல. வரும்போது வாங்கினு வா.'

கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தேன். பால் என்கிறபோது உதடு மூடித் திறக்கிறது. வரும்போது என்கிறபோது நடுவில் மூடுகிறது. வா என்று முடிக்கும்போது வாய் திறந்து நிற்கிறது. நீ கேட்டது மூன்றும் இருக்கிறது.

அக்கா


சென்னை
18 நவம்பர் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

மழையும் நானும் நன்றாக இருக்கிறோம். உனக்குப் போன வாரம் அனுப்பிய முழங்கால் பட்டை சரியாகப் பொருந்துகிறதா?

நேற்று மிரேனுக்குப் பேசும் மம்தா வந்திருந்தாள். அந்த வரியைக் காகிதத்தில் பார்த்ததும், "இது காமெடியா, சீரியஸா?" என்று கேட்டாள். "ரெண்டும் இல்ல, பால் இல்ல. அவ்வளவுதான். அப்படியே சொல்லு" என்றேன். முதல் தடவை அழுகுரலில் சொன்னாள். வேண்டாம் என்றேன். இரண்டாவது தடவை, அடுப்பைப் பார்த்துக்கொண்டே வாசல் பக்கம் குரல் கொடுப்பாயே, அந்த மாதிரி சொன்னாள். உதடு இம்மி பிசகவில்லை. ரிச்சர்ட் முதலில் சிரித்தார். அப்புறம் ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். திரும்பி வந்து, "வேற டேக் வேணாம்" என்று மட்டும் சொன்னார்.

ஒன்று மட்டும் என்னால் முடியவில்லை. படத்தின் முடிவில் தமிழ் வசனம் என்று என் பெயர் வரும் இடத்தில் மாமா பெயரையும் உன் பெயரையும் சேர்க்கக் கேட்டேன். வெளிநாட்டுக் கம்பெனி மறுத்துவிட்டது. மூன்று முறை எழுதிப் பார்த்தேன். இன்னும் சண்டை போடவா? பேட்டிகளிலாவது சொல்லட்டுமா? இந்த முறை உன்னைக் கேட்டுத்தான் செய்வேன்.

படம் ஜனவரி 10. சென்னைக்கு வருகிறாயா? முதல் நாள் சேர்ந்து பார்க்கலாம்.

அன்புடன்,
நேத்ரா


மாரிக்குப்பம்
26 ஜனவரி 2025

என் தங்கை நேத்ராவுக்கு,

எல்லோரும் நலம். பட்டை பொருந்துகிறது, ரயில் படியில் இப்போது யார் கையையும் பிடிப்பதில்லை. நீ பொங்கலுக்கு அனுப்பிய புடவையைத்தான் படத்துக்குக் கட்டிக்கொண்டு போனேன். சென்னைக்கு வராததற்குக் கோபித்துக்கொள்ளாதே. இதை நம் ஊர்த் தியேட்டரில்தான் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஒரு பக்கம் பாக்கியவதி, மறு பக்கம் டேவிட் அண்ணன். இந்த முறை எழுந்து போகக் கூடாது என்று பாக்கியவதி என் முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். மிரேன் ரேடியோவைப் போட்டதும் விசில் அடிக்கத் தயாராக வாயில் விரலை வைத்திருந்தார்கள். அவர் குரல் வந்தது. வோரிக்குடைய குரல் என்று எழுத வேண்டும், எனக்கு எழுத வரவில்லை. விசில் பறந்தது. பிறகு அவள், பால் இல்ல, வரும்போது வாங்கினு வா என்றாள். கொல்லென்று சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. மூக்கு உறிஞ்சுகிற சத்தம் பின் வரிசையிலிருந்து முன் வரிசை வரைக்கும் கேட்டது. டேவிட் அண்ணன் என் கையைத் தட்டிக்கொடுத்து, "இப்ப சொல்லிட்டே" என்றார். நான் அழவில்லை. படம் முடிகிற வரைக்கும் உட்கார்ந்து பார்த்தேன். நல்ல படம். சண்டைதான் கொஞ்சம் நீளம்.

பெயருக்காக யாரோடும் சண்டை போடாதே. பேட்டியில் சொல்வது உன் விருப்பம், தாராளமாகச் சொல். ஆனால் நான் முந்திக்கொண்டேன்.

வியாழக்கிழமை சாயந்திர ரயில். பெட்டி நிறைய ஆள். பரத் பெண்டாட்டியோடு போனில் பேசிக்கொண்டிருந்தான். வண்டி ஒயிட்ஃபீல்டைத் தாண்டவில்லை, "டீ போடு, வந்துனே இருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தான்.

"பரத், அத முதல்ல சொன்னது யாருன்னு தெரியுமா?" என்று கேட்டேன்.

"வோரிக். இன்னா அக்கா, படம் பாக்கலியா?"

"வோரிக்குக்கு முன்னாடி."

"அதுக்கு முன்னாடி யாரு?"

"எங்க வூட்டுக்காரரு. பேரு ஜெயகரன். மாரிக்குப்பத்துல இருந்தாரு."

இத்தனை வருஷத்தில் அந்தப் பெயரை ரயிலில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னதும் எல்லாம் சொன்னேன். ஷாஃப்ட் வாசல், டேவிட் அண்ணன், கொதித்த டீ, ஒன்று விடாமல். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். தமிழ் தெரியாத ஒரு அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வந்தார். மாலூர் தாண்டுகிற வரைக்கும் பெட்டியில் வேறு பேச்சு இல்லை.

பரத்தால் என் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "தெரியாம விளையாட்டாச் சொல்லினு இருந்தோம் அக்கா. இனிமே சொல்ல மாட்டோம்" என்றான்.

"இன்னாத்துக்கு சொல்லாம இருக்கணும்? சொல்லு. எல்லாரும் சொல்லுங்க" என்றேன். "ஆனா சொல்லிட்டா, வூட்டுக்கு வந்து சேந்துடணும்."

உன் அக்கா,
ராதா ஜெயகரன்